ஐஸ் பெட்டியோடு வந்த தாய்மாமன்

கடலூர்

மதிப்பிற்குரிய சம்பந்தி சின்னையன் அவர்களுக்கு, பழனிவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். கீரப்பாளையத்தில் தாங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்றே, நேற்று நடந்ததற்குப் பிறகும், விரும்புகிறேன். போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

காய்ச்சலால் தாங்கள் பேத்தியின் காதுகுத்துக்கு வரவில்லை. ஆகவே தங்கள் மகன் எழிலன் செய்ததை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் பத்தர் ஊசியோடு காத்திருக்கிறார், குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமனைக் காணோம். சிதம்பரத்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போன் போட்டால், "மாமா, ஈஸ்ட் செல்லுங்க பிரியுற நேரம். கல்யாண வாசனை, அதான் ஜோடி ஈஸ்ட்டு விடுற வாசனை, அதக் காட்டி பிரியாம நிறுத்தி வச்சிருந்தேன். வாசனைய எடுத்ததும் எல்லாம் ஒண்ணா பிரிய ஆரம்பிச்சுடுச்சு. விட்டுட்டு வர முடியல" என்கிறார். ஈஸ்ட்டுக்குக் கல்யாண வாசனை தெரிகிறது, இவருக்குச் சொந்த அக்கா வீட்டு விசேஷ வாசனை தெரியவில்லை!

கடைசியில் வந்தார். கையில் சீர்வரிசைத் தட்டு இல்லை, ஐஸ் பெட்டி. உள்ளே ஐஸில் புதைத்த டியூப்களில் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த புரதங்களாம். அவற்றைச் சோதிக்கப் புதுச்சேரிக்குப் போகும் வழியில் காதுகுத்தாம். 'வழியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள் சம்பந்தி! என்ன சோதனை என்று கேட்டேன். "செல்லு ரெண்டாவுறப்ப குரோமோசோம சமமா பங்கு போடணும் மாமா. இந்த ரெண்டு புரதமும் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டாத்தான் அது நடக்கும்னு நெனைக்கிறேன். புடிச்சுக்குதான்னு பாக்கத்தான் வருஷக்கணக்கா அல்லாடுறேன்" என்றபடி குழந்தையை மடியில் வைத்தார்.

அதற்குள் சமையல்காரர், ரோஸ்மில்க்குக்கு ஐஸ் வந்துவிட்டது என்று எண்ணி, டியூப்களை ஓரமாக வைத்துவிட்டு ஐஸை அள்ளிப் போட்டுவிட்டார். "ஜில்லுன்னு இருக்குப்பா" என்று பாராட்டி இரண்டு டம்ளர் குடித்தவன் நான். விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்தேன். தங்கள் மகன் பதறியது எனக்காக இல்லை. "டியூப்பு மூடித்தான் இருந்துச்சு, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது மாமா. ஐஸ் இல்லன்னா புரதம் கெட்டுடும்!" என்று அலறி, டியூப்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு தெருவில் ஓடினார். பத்தர் ஊசியோடு பின்னால் ஓடினார். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தர் பின்னால் ஓடினேன்.

மீன் மார்க்கெட்டில்தான் பிடித்தோம். பட்டுப்பாவாடையோடு குழந்தை வஞ்சிரக் கூடை பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறது. மீன் விற்கும் இருசம்மாள் பெட்டி நிறைய ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டு, "காதுல கொஞ்சம் ஐஸ வையி, மரத்துப்பூடும். இங்கியே குத்திடுங்க" என்கிறார். குத்திவிட்டார்கள் சம்பந்தி! குழந்தை அழக்கூட இல்லை. மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள் அது அழுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். காதுகுத்து வீடியோவில் எங்கள் பேத்திக்குப் பின்னால் தெரிவது மொத்தமும் மீன்.

எனவே எழிலன் நேரில் வந்து மன்னிப்பு கேட்கும்வரை நம் இரு வீட்டுக்கும் போக்குவரத்து வேண்டாம். மருமகள் இசைவாணி தம்பிக்காகப் பேச வந்தாள், கேட்க மறுத்துவிட்டேன்.

தங்கள் காய்ச்சல் சீக்கிரம் இறங்கட்டும். வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோருக்கும் ஆசீர்வாதம், எழிலன் நீங்கலாக.

இப்படிக்கு,
பழனிவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது புதுச்சேரியிலிருந்து எழிலன் போன் செய்தார். "புடிச்சுக்குது மாமா! ரெண்டும் புடிச்சுக்குது! ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்று விசும்பினார். உடனே பக்கத்து வீட்டு ஸ்ரீதரிடம் ஓடிப்போய், செல் எப்படிப் பங்கு பிரிக்கிறது என்று இரண்டு கைகளாலும் விளக்கினேன். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, அறிவு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைக்கு இங்கே விருந்து. காய்ச்சல் இருந்தாலும் வந்துவிடுங்கள். மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம்.