லோகநாயகி நிழற்பந்தலுக்குப் போரிட்ட படலம்

வாழ்க வெள்ளரிப்பிஞ்சின் தலைவி! திருப்போரூர்ப் பேருந்து நிலையத்தின் தென்கோடியிலே, கம்பி ஒடிந்த குடையின்கீழ்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கொலுவீற்றிருந்த கூடையேந்திய கொற்றவை, மிளகாய்ப்பொடி மணக்கும் திருக்கரத்தாள், பேரம் பேசுவோரைப் பார்வையாலே பொசுக்குவாள், வந்து நிற்போர் கால் சுடாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து வரவேற்கும் தண்ணளியாள், எங்கள் லோகநாயகி வாழ்க!

அவளுக்கு ஒரே பகைவன் சூரியன். உச்சி வெயில் ஏறினால் பிஞ்சு வாடும். வாடியதை ஒருவரும் வாங்கமாட்டார். ஆகவே, நிலையத்தில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கே ஒரே ஒரு நிழற்பந்தல் எழும், அதைச் சூட்டைப் படம்பிடிக்கும் கேமராவே தீர்மானிக்கும் என்று அறிவிப்பு வந்த அன்று, பன்னிரண்டு ஆண்டுத் தவம் பலித்ததென்று அவள் உள்ளம் பூரித்தது. மற்ற இடங்களிலெல்லாம் மரமோ கூரையோ இருந்தது. எதிர்நின்றவன் ஒருவனே: செல்போன் உறை விற்கும் ஜெயக்குமார்.

அந்த மாவீரன் சூழ்ச்சியில் வல்லவன். இடத்தேர்வு நாளன்று விடிந்ததும் கருந்தார்ப்பாய் ஒன்றைத் தன் இடத்தில் படைவிரித்தாற்போல் விரித்து, வெயிலில் வேகவிட்டு, மீசை முறுக்கி நின்றான். லோகநாயகியோ இடுப்பில் கைவைத்து, நிலையம் அதிர முழங்கினாள்:

"நீ இன்னா வேணா விரிச்சிக்கோ அண்ணாத்த! வந்து என் எடத்துல வெறுங்கால வச்சி நில்லு, அப்பறம் பேசு!"

பேருந்துகளின் ஹாரன்கள் போர்முரசாய் ஒலிக்க, நண்பகலில் கேமரா ஏந்தி வந்தாள் ஆய்வு மாணவி கீர்த்தனா. ஜெயக்குமாரின் தார்ப்பாய் திரையில் செக்கச்செவேலென எரிந்தது: அறுபத்தேழு டிகிரி. ஆனால் அந்த நீதிதேவதை ஏமாறவில்லை. படமெடுக்குமுன் பாயைச் சுருட்டச் சொல்லி, அடியிலிருந்த தரையைப் படமெடுத்தாள். நாற்பத்தேழு! ஜெயக்குமாரின் மீசை தாழ்ந்தது. தீயாய்த் தகித்துக்கொண்டிருந்த தென்கோடித் தரைக்கு வெற்றி உறுதியாயிற்று.

அந்தோ! வெயிலில் முகம் சிவந்து, வியர்வை வழிய, தள்ளாடி வரும் கீர்த்தனாவைக் கண்டாள் லோகநாயகி. மனம் பொறுக்கவில்லை. பந்தல் மறந்தாள், பகை மறந்தாள், பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் கையை இயக்க, குடத்து நீர் முழுவதையும் தரையில் கவிழ்த்து, "வா கண்ணு, இப்பிடி வந்து குளுந்த எடத்துல நில்லு!" என்று அழைத்தாள்.

கேமரா கிளிக்கென்றது. திரை நீலமாயிற்று. முப்பத்தாறு.

"ஐயோ, காயட்டும்மா! ரெண்டு நிமிசம் கழிச்சி எடேன்!"

"ஒரு இடத்துக்கு ஒரு படம்தான்க்கா. அது அனுப்பியாச்சு."

மாதம் ஒன்று கழிந்தது. நான்கு தூண்கள் நிமிர, பச்சைக்கூரை பளபளக்க, ஊரார் கைதட்ட, வான்தொடும் பெருமிதத்துடன் ஜெயக்குமாரின் தலைக்குமேல் எழுந்தது நிழற்பந்தல்.

லோகநாயகி குடையை ரிப்பேருக்குக் கொடுத்தாள்.