நீர்வேலி வாழைகளின் மூச்சுக் கணக்கு

நாட்டின் பயிர்கள் வானத்துக்கு எவ்வளவு வெப்ப வாயு விடுகின்றன என்று வெளிநாட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே மாண்புமிகு பயிர்மூச்சுக் கணிப்புப் பிரிவு, உத்தியோகத்தர் கோபிசங்கரை நீர்வேலிக்கு அனுப்பியது. போட்ட உரமும் வெட்டிய குலையும் தெரிந்தால் போதும். மிச்சத்தைக் கணினி சொல்லும்.

முதலில் அகப்பட்டவர் ஏரம்பு.

"அண்ணை, வாழைக்கு எவ்வளவு யூரியா போடுறியள்?"

உரத்தைப் பற்றி அரசாங்கம் கேட்டால் மானியம் வரப்போகிறது என்று அர்த்தம். ஏரம்பு போடுவதை இரண்டு மடங்காக்கிச் சொன்னார்.

"குலை எத்தினை வெட்டினியள்?"

கிணற்றடியில் நின்ற மனைவி குணலட்சுமி செருமினாள். விளைச்சலை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும். நீர்வேலியில் யாரும் அந்தப் பிழையை விடுவதில்லை.

"என்னத்தை வெட்டினது தம்பி. காத்து முறிச்சது போக நாலைஞ்சு."

அவர் தலைக்குப் பின்னால், முட்டுக்கொடுத்த வாழைகளில் குலைகள் வரிசையாகத் தொங்கின.

"அப்ப உது?"

"எது?"

கோபிசங்கர் சுற்றறிக்கையை நினைத்துப் பார்த்தார். விவசாயி வாயால் சொல்வது தரவு. கண்ணால் காண்பது தரவு அல்ல. நாலைஞ்சு என்றே பதிந்துகொண்டார்.

ஊர் முழுவதும் இதையே சொன்னது. கணக்கைப் போட்ட கணினி, நீர்வேலியின் ஒரு சீப்புப் பழம் கொழும்புக்குப் போகும் லொறி அளவுக்குப் புகை விடுகிறது என்றது. மேலிடம் பதறியது. இவ்வளவு உரம் தின்றும் குலை தள்ளாத வாழைகளுக்கு இனிமேல் சங்கக்கடையில் யூரியா கிடையாது என்று கட்டளை வந்தது.

யூரியா இல்லாமல் அடுத்த வாழைக்குட்டிகள் தேறாது. "கந்தோருக்குப் போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன்," என்று ஏரம்பு புறப்பட்டார்.

"சொல்லுங்கோ. ஆனா எங்கடை தோட்டத்தைச் சொல்லாதேங்கோ," என்றாள் குணலட்சுமி. "பக்கத்துப் பஞ்சலிங்கத்தாற்றை தோட்டத்தைச் சொல்லுங்கோ. அது காய்ச்சா எங்கடையும் காய்க்கும்தானே. உதுகூடவா கந்தோருக்கு விளங்காது?"

கந்தோரில் கோபிசங்கரிடம் ஏரம்பு அப்படியே சொன்னார். "பஞ்சலிங்கத்தின்ரை குலை மண்ணைத் தொடுது தம்பி."

"உரம்?"

"உவனோ? கசவாரம். ஒரு பிடி போடமாட்டான்."

மத்தியானம் வந்த பஞ்சலிங்கம் ஏரம்புவைப் பற்றி இதையே கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

அன்று கோபிசங்கருக்கு ஞானம் பிறந்தது. தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்பவன் பொய்யன். அயலவனே நடுநிலையான சாட்சி. புதிய முறைப்படி திருப்பிக் கணித்தபோது, நீர்வேலி வாழைகள் வானத்துப் புகையை உறிஞ்சிக் குடிப்பதாகக் கணினி சொன்னது. ஊருக்கு விருது கிடைத்தது.

கோபிசங்கர் போட்ட மாலைக்குக் கழுத்தைக் குனிந்தபோது ஏரம்பு மெல்லக் கேட்டார். "தம்பி, அந்த யூரியா?"

"உங்களுக்கு ஏன் அண்ணை? ஒரு பிடியும் போடாமலே காய்க்குதே."

அடுத்த வருடம் காய்க்கவில்லை. கோபிசங்கர் வந்தபோது ஏரம்பு மெலிந்த வாழைகளுக்கு நடுவில் நின்றார்.

"நாலைஞ்சு குலைதான் தம்பி. சத்தியமாய்."

"போனமுறையும் நாலைஞ்சு எண்டுதானே சொன்னியள்," என்று சிரித்துவிட்டு, கோபிசங்கர் வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தார்.

காய்க்காத தன் தோட்டத்தில் நின்றபடி பஞ்சலிங்கம் எட்டிப் பார்த்தார். "அவருக்கென்ன, குலை மண்ணைத் தொடுது."

பஞ்சலிங்கத்தின் தோட்டத்தைப் பற்றிக் கேட்டபோது ஏரம்புவும் குறைத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது விருதைக் கொழும்பில் கொடுத்தார்கள். மேசையில் அடுக்க நீர்வேலிப் பழம் கிடைக்காததால் வேறெங்கோ வாங்கி வைத்திருந்தார்கள். ஏரம்பு ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, பக்கத்திலிருந்த பஞ்சலிங்கத்தின் காதில் சொன்னார்.

"நல்லாய் யூரியா போட்டிருக்கிறாங்கள்."