மூட்டைக்குக் கட்டிய ரிப்பன்

காலையில் களத்துக்கு வந்த பொன்னுவேல் நாற்பது மூட்டைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றில்கூட ரிப்பன் இல்லை.

நாகலூர் எஸ்டேட்டில் முப்பது வருசமாகக் காப்பிக்கொட்டையை மோந்து பார்த்தே மேல்காடு, கீழ்காடு என்று பிரித்தவர் அவர். புது மேனேஜர் ஜெயமேரி வந்தாள், எல்லாம் மாறியது. மேல்காட்டு மூட்டைக்குச் சிவப்பு ரிப்பன், அது கப்பலுக்கு. வெறும் மூட்டை சேலத்துக்கு. "ரிப்பன் இருக்கும்போது மூக்கு எதற்கு? கிழவரை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றது ஹெட் ஆபீஸ். அங்கிருந்து ஒருவர் இன்று பத்து மணிக்கு வருகிறார்.

"படிச்சவ வெச்ச ஏற்பாடு பல்லக் காட்டிருச்சு" என்று முனகினார். பழி மட்டும் அவர் தலையில்தான் விழும்.

முன்வரிசை இருபதும் மேல்காடு என்று நினைவு. வாழைநார் கட்டினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாடு நாரைத் தின்றுவிட்டது. மஞ்சளைக் கரைத்துப் பூசினார். உடனே தூறல். பழம் பறிக்கும் அருக்காணியும் நாலு பெண்களும் முக்காட்டோடு ஓடிவந்து, மூட்டைகளை ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். நாற்பதும் கலந்தன. நாற்பதும் மஞ்சள்.

"ஏம்புள்ள, வரிசையா வெக்கத் தெரியாதா?"

"நனையட்டும்னு உட்டிருக்கோணுங்களா மாமா?"

ஜீப் வந்து நின்றது. எஸ்டேட் ஆபீஸ் சன்னலில் நின்றிருந்த ஜெயமேரி இறங்கிவந்து, ஹெட் ஆபீஸ்காரரை ஷெட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"பொன்னுவேலண்ணா, மேல்காடு எதுங்க?"

"ரிப்பனக் காணமுங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

பொன்னுவேல் கண்ணை மூடி மூட்டையில் முகத்தைப் புதைத்தார். மஞ்சள் நெடிக்குள்ளிருந்து மேல்காட்டு ஆரஞ்சு மரத்து வாசம் எட்டிப் பார்த்தது. அரை மணி நேரத்தில் இருபது மூட்டை தனியே நின்றன. ஜெயமேரி தையலைப் பிரித்து உள்ளே கைவிட்டு, தைக்கும்போதே போட்டுவைத்த சீட்டை மூட்டைக்கு ஒன்றாக எடுத்தாள். இருபதிலும் 'மேல்காடு'.

"ரிப்பன் தொலையும், இந்த மூக்கு தொலையாது. இவர் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹெட் ஆபீஸ்காரர் ஜீப்பில் ஏறினார்.

பொன்னுவேல் மீசையைத் தடவினார். "பாத்தியா அருக்காணி, அந்தம்மா ஏற்பாடு கவுந்துச்சு. நாந்தேன் காப்பாத்துனேன்."

அருக்காணி முக்காட்டை அவிழ்த்தாள். சடையில் சிவப்பு ரிப்பன்.

"நேத்தே இத அவுத்து எங்க தலையில கட்டி உட்டதே அந்தம்மாதானுங்க மாமா. நீங்க மஞ்சளத் தூக்கிட்டு வந்ததும், 'இந்த மனுசன் மூக்கத் தவிர மத்ததெல்லாம் காட்டுறாரே'ன்னு நொம்பத் தவிச்சுப் போயிட்டாங்க."