மூன்று பன்னும் ஒரு முகச்சுளிப்பும்

லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடி முன்னால் நின்று முகம் சுளித்துப் பழகிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சாப்பிடப்போகிற எதுவும் அவருக்குப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தொலைந்தார்.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்குக் கோதுமை ஆகாது. அதிலிருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாள். ஆறு வருஷமாக வீட்டில் இரண்டு கத்தி, இரண்டு வாணலி, இரண்டு ரொட்டி டப்பா. இவர் சிந்துகிற துகளைத் துடைத்துத் துடைத்தே அவள் ஓய்ந்து போனாள். கோதுமையை நிறுத்தலாமே என்றால், "கோதுமை இல்லாத ரொட்டி மரத்தூள்" என்பார். அவள் தனக்குச் சுட்டுக்கொள்வதை அவர் மோந்துகூடப் பார்த்ததில்லை.

"புது ஓட்டல் ஒண்ணு திறந்திருக்காங்க. எனக்கு ஒத்துக்கிறதா சமைக்கிறாங்க. ஒரு வேளை வந்து சாப்பிடுங்க. பிடிக்கலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"பிடிச்சுட்டா?"

"வீட்டுல கோதுமை கிடையாது."

"சரி, பந்தயம்!"

ஓட்டலில் அவள், இதில் கோதுமை இருக்கா, அதில் இருக்கா என்று சர்வரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவை! நிம்மதியாக ஆர்டர் கொடுத்துவிட்டு அவள் சிரித்ததைப் பார்த்து மெக்கானிக்குக்கே மனசு இளகியது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே.

சூப் வந்தது. அமிர்தம். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு தள்ளி வைத்தார். நூடுல்ஸ் வந்தது. நாக்கு கெஞ்சியது. பாதியில் எழுந்தார். அவ்வளவு நல்ல சாப்பாட்டை அவ்வளவு கேவலமாகச் சாப்பிட்டவர் அந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் மிச்சத்தையும் அவள் ரசித்துச் சாப்பிட்டாள்.

ஜெயித்தாயிற்று. ஆனால் வயிறு கேட்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் சமையலறை வாசலுக்குப் போனார்.

"மாஸ்டர், யாருக்கும் தெரியாம நிஜமான பன் ஒண்ணு குடுங்களேன்."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்த மேஜையைப் பார்த்தார். "இருக்கிறதுலயே நல்ல பன்னா தர்றேன் சார்."

மூன்று பன் உள்ளே போனது. "கோதுமைன்னா கோதுமைதான்யா!" நாலாவது சட்டைப்பைக்குப் போனது. ஒன்றும் தெரியாதவர்போல மேஜைக்குத் திரும்பினார்.

"பையில என்னங்க?" கேட்டபடியே மனைவி அதை எடுத்துப் பிய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

சும்மா இருந்தால் பந்தயம் அவருக்கு. ஆனால் மெக்கானிக் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "ஐயோ, தின்னாதே! அது கோதுமை! நான்தான் திருட்டுத்தனமா வாங்கினேன்!"

அவள் மிச்சத்தை இன்னொரு கையால் வாயில் போட்டு மென்றாள்.

"துப்பும்மா! மாஸ்டர், ஓடி வாங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் நிதானமாக வந்தார். "சார், இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு பிடி கோதுமை கிடையாது."

"அப்ப நான் தின்னது?"

"எத்தனை தின்னீங்க?" என்றாள் மனைவி.

"மூணு."

"முகம் சுளிச்சாரா மாஸ்டர்?"

"கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டாரும்மா."

தோற்றதில் மெக்கானிக்குக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதியும், அந்தப் பன்னின் ருசியும் சேர்ந்துகொண்டன. பிடித்த கையை விடாமலே சொன்னார்:

"கோதுமையே இல்லாம இப்படி ஒரு பன்னா! உங்களுக்குக் கத்துக்கொடுத்த கைக்குத் தங்கக் காப்பு போடணும் மாஸ்டர்!"

"போடுங்க சார். அந்தக் கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க."