ஆணி அடிக்கக் கூடாத வீடு

இந்த முறை தன் மீனைச் சுவரில் மாட்டியே தீருவது என்று எல்மர் முடிவு கட்டியதற்குக் காரணம் ஒரு தலையணை.

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில், மேட்டுத் தெருவில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா, கோஸ்கி அம்மாள். எல்மர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஊர்ப் பிள்ளைகளின் கூச்சலை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பினால், அவனுடைய நாற்காலியைக் காணோம். உற்றுப் பார்த்தபோது நாற்காலி அங்கேயேதான் இருந்தது. எலுமிச்சம்பழம் போட்ட உறைக்குள் போயிருந்தது. சுவரில் எலுமிச்சம்பழம் போட்ட ஒட்டுக் காகிதம். ஜன்னல் திரையிலும் அதே எலுமிச்சம்பழம். நாற்காலியின் நடுவே எலுமிச்சம்பழ வடிவத்தில் ஒரு தலையணை ஜம்மென்று சாய்ந்திருந்தது. அதைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"அதை ஏன் கீழ போட்டே?" சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் ஆர்லீன்.

"நான் உட்கார வேணாமா?"

"வேற எங்கயாவது உட்காரு. அது அங்க இருந்தாத்தான் எடுப்பா இருக்கு."

"அப்ப நான் இருந்தா?"

ஆர்லீன் இரண்டடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்து அவனையும் நாற்காலியையும் சேர்த்துப் பார்த்தாள். நியாயமான பெண். யோசிக்காமல் எதுவும் சொல்லமாட்டாள்.

"மஞ்சளுக்கு நீ ஒத்துவரலை, எல்மர்."

இருபது வருஷத்தில் இது ஆறாவது வாடகை வீடு. போன வீடு முழுக்கச் சேவல். அதற்கு முந்தினது நங்கூரம். அதற்கும் முந்தினது ரோஜா. குளியலறையில்கூட ரோஜாவைப் பார்த்துக்கொண்டேதான் எல்மர் பல் தேய்த்தான். "வாடகை வீடானாலும் நம்ம வீடு மாதிரி இருக்கணும்" என்பாள் ஆர்லீன். அந்த 'நம்ம'வுக்குள் தன்னை அவன் தேடிப் பார்த்திருக்கிறான். கிடைத்ததில்லை. காப்பிக் கோப்பைகூட திரைக்குப் பொருத்தமாக மாறிவிடும். பழைய கோப்பையின் கைப்பிடி விரலுக்குப் பழகுவதற்குள் அடுத்த வீடு வந்துவிடும்.

"ஆர்லீன், சுவர்ல என்னோடதா ஒண்ணே ஒண்ணு இருக்கணும். என் மீனை அந்தச் சோபாவுக்கு மேல மாட்டப்போறேன்."

"தாராளமா மாட்டு. நான் வேணாம்னா சொன்னேன்? கோஸ்கி அம்மாதான் ஆணியே அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"போன வீட்டுலயும் இதான் சொன்னாங்க."

"வாடகை வீடுன்னா அப்படித்தான். எங்கம்மா கொடுத்த கண்ணாடியே படுக்கையறைத் தரையில சாஞ்சு நிக்குது. நான் என்ன அழுதுகிட்டா இருக்கேன்?"

அதுவும் உண்மைதான். தேக்குச் சட்டம் போட்ட, கனமான அகலக் கண்ணாடி. ஆறு வீட்டிலும் தரையில்தான் நின்றது. அதில் ஆர்லீனுக்குத் தன் முழங்கால் மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். ஆர்லீன் மாட்டுகிற படங்களுக்கும், 'வாழு, சிரி, நேசி' என்ற பலகைக்கும் ஒட்டுக் கொக்கியே போதும். மீனுக்குப் போதாது. எல்மரின் மஸ்கி மீனுக்கு ஆணி வேண்டும். ஒன்றல்ல, நாலு.

அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்ற மீன்களை விழுங்கி வளர்கிற, பல்லெல்லாம் ஈட்டியான ஜாதி அது. ஜூன் முதல் சனிக்கிழமை, மஸ்கி பிடிக்க ஏரி திறந்த அன்றே எல்மரின் தூண்டிலில் மாட்டியது. வாழ்க்கையில் அவன் ஜெயித்த ஒரே சண்டை. பாடம் பண்ணக் கொடுத்து, கண்ணாடிக் கண் வைத்து, பலகையில் ஏற்றி வாங்கினான். முதல் வீட்டில் ஆணிக்குத் தடை. இரண்டாவது வீட்டிலும் தடை. அப்புறம் ஆர்லீனே அதைத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, ஆணி அடித்து மூடி, மேலே 'எல்மர் மீன், ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டாள். திறந்தால் காற்றுப் பட்டுச் செதில் உதிரும் என்று பாடம் பண்ணினவர் சொன்னாராம். யாரிடம் சொன்னார்? ஆர்லீனிடம்.

செத்த மீன் வளராது என்பார்கள். எல்மரின் மீன் வளர்ந்தது. முதலில் அவன் கை நீளம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல் சாப்பிட வெர்னின் பீர்க்கடைக்குப் போய் அவன் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, இப்போது ஆளுயரத்துக்கு வந்திருந்தது. வெர்னின் கடையிலும் கல்லாவுக்கு மேலே ஒரு மஸ்கி மாட்டியிருந்தது. அதைப் பார்த்தாலே எல்மருக்கு எரியும்.

"இதெல்லாம் ஒரு மீனா? என்னோடது இதை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாது!"

குடிப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வெர்ன் மட்டும் தலை நிமிராமல் கிளாசைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஆக, கோஸ்கி அம்மாளின் மனத்தை மாற்ற வேண்டும். முதல் பனி விழுந்த காலையில் எல்மர் மண்வெட்டியோடு இறங்கினான். தன் காரை எடுக்க மட்டும் வழி செய்யவில்லை. அம்மாளின் வாசல், படி, நடைபாதை, பின்கட்டு, குப்பைத்தொட்டிக்குப் போகிற வழி எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தான்.

கோஸ்கி அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?"

"சிரமம் என்னங்க இதுல. ஆமா, இந்த ஆணி விஷயம்..."

"பனி முடியட்டும், பார்க்கலாம். அந்தப் பறவைத் தொட்டிகிட்ட கொஞ்சம் அள்ளிடுங்க."

அந்த வருஷம் ஏரியிலிருந்து வந்த காற்று ஊரையே புதைத்துவிடுவது என்று கிளம்பியிருந்தது. அள்ள அள்ள விழுந்தது. அள்ளியதன் மேலேயே நகராட்சி வண்டி தெருப் பனியைத் தள்ளிவிட்டுப் போனது. அதையும் அள்ளினான். கூரை விளிம்பில் தொங்கிய பனி ஈட்டிகளை ஏணி போட்டு உடைத்தான். கோஸ்கி அம்மாளின் தங்கை வந்தால் அவள் காருக்கும் அள்ளினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கையெல்லாம் வெடித்தது. கூலியாக அம்மாள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு கொடுத்து அனுப்புவாள். அதில் பாதி ஆர்லீனுக்குப் போகும்.

ஆர்லீன் என்றைக்கும் இல்லாத அன்போடு அவன் இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்தாள். "எவ்வளவு நல்ல மனசு உனக்கு! வயசான அம்மாவுக்கு இப்படி ஓடி ஓடிச் செய்யறியே."

மனைவியை ஏமாற்றுகிற சந்தோஷத்தில் எல்மர் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். எலுமிச்சம்பழத் தலையணை. அதில் முகம் வைக்கக் கூடாது என்று உடனே பிடுங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் புல் தெரிந்தது. எல்மர் நாலு ஆணி வாங்கி வைத்துவிட்டு, சவரம் பண்ணிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கீழே போனான்.

"ஆணியா?" கோஸ்கி அம்மாள் காப்பியை ஊற்றினாள். "அடிச்சுக்கோங்களேன். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப ஒவ்வொரு அறையிலயும் மான் கொம்பு மாட்டி வெச்சிருந்தார். ஓட்டை இல்லாத சுவரே இங்க கிடையாது."

"ஆனா நீங்கதானே ஆணி அடிக்கக் கூடாதுன்னு..."

"உங்க சம்சாரம் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

எல்மரின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"வீடு பார்க்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, தம்பி. 'ஆணி அடிக்கக் கூடாதுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பாருங்க, உங்க மனசை மாத்தறதுக்காகப் பனி பூரா அவரே அள்ளுவார்'னாங்க. எத்தனை பேர் இந்த வீட்டைக் கேட்டாங்க தெரியுமா? இதுக்காகத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். போன வீட்டுல புல்லு வெட்டினீங்களாமே?"

எல்மர் புல் வெட்டியிருந்தான். அதற்கு முந்தின வீட்டில் வேலிக்குச் சாயம் அடித்திருந்தான். அதற்கும் முந்தின வீட்டுக்காரரின் மாமியாரை ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தான்.

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"பனிதான் போயிடுச்சே. இனிமே எதுக்கு நான் பொய் சொல்லணும்?" என்றாள் அம்மாள். "இன்னும் ஒரு துண்டு கேக் எடுத்துக்கோங்க."

அவன் எடுத்துக்கொள்ளவில்லை. நேரே மீன் பெட்டி இருந்த நிலவறைக்குப் போனான். பெட்டியைத் தோளில் ஏற்றி, சின்னக் கடப்பாரை ஒன்றையும் எடுத்துக்கொண்டான். பெட்டி மூடின நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அதை அவனேதான் சுமந்திருக்கிறான். சாமான் தூக்குகிற ஆட்களைத் தொடவிட்டதில்லை. படியேறும்போது இடுப்பில் சுளீரென்றது. கோபத்தில் அதையும் பொருட்படுத்தவில்லை.

ஆர்லீன் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோஸ்கி அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க!"

"ஓ" என்றாள். பெட்டியைப் பார்த்தாள். "அதைத் திறக்காதே, எல்மர்."

"செதில் உதிருமா?"

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். எல்மர் கடப்பாரையை விட்டு நெம்பினான். மூடி பிளந்தது. துணியை இழுத்தான். அது சேவல் போட்ட திரைச்சீலை. அதன் கீழே நங்கூரம் போட்டது. அதற்கும் கீழே ரோஜா. நாற்காலி உறை, மேசை விரிப்பு, மிச்சம் இருந்த ஒட்டுக் காகிதம், ஒரு பீங்கான் சேவல். வருஷக்கணக்காக 'பார்த்து, பார்த்து' என்று குழந்தையைப் போல அவன் சுமந்து வந்த பெட்டி. அடிப்பலகை வரை துழாவிவிட்டான்.

"என் மீன் எங்கே?"

"மூணாவது வீட்டுக்கு மாறினப்பவே கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வெர்னுக்கு."

"வெர்ன் கடையில ஒரே ஒரு மீன்தானே..." என்று ஆரம்பித்த எல்மர் அதோடு நிறுத்திக்கொண்டான்.

"அதேதான்" என்றாள் ஆர்லீன். "இதெல்லாம் ஒரு மீனான்னு கேப்பியே, அது."

எல்மர் தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் மீனுக்கு அடியிலேயே உட்கார்ந்து, வறுத்த மீனைத் தின்றுகொண்டு, தன் மீனையே கேவலப்படுத்தியிருக்கிறான். அடையாளம் தெரியவில்லை. வெர்னுக்குத் தெரியும். குடித்தவர்களுக்கும் தெரியும் போல. அதனால்தான் அப்படிச் சிரித்திருக்கிறார்கள். அவமானம் காதுவரை சுட்டது.

"ஏன் ஆர்லீன்? அந்த வாயில்லா ஜீவன் உன்னை என்ன பண்ணிச்சு?"

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். குரலில் கிண்டல் போய்விட்டது.

"நம்ம முதல் வீட்டுக்குக் குடிபோன அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"ஏரியில. சீசன் முதல் நாள் இல்லையா..."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னே. சோபாவை நானும் தபால்காரரும் தூக்கினோம். மெத்தையை நானே படியில இழுத்தேன். வீட்டுல ஒரு பல்பு இல்லை. கல்யாணமாகி முதல் வீடு, எல்மர். இருட்டுல ஒரு பெட்டி மேல உட்கார்ந்து அழுதுகிட்டு இருந்தேன். நீ கதவைத் திறந்துகிட்டு வந்து, 'ஆர்லீன், இங்க பாரு!'ன்னு மீனைத் தூக்கிக் காட்டினே. என்னைப் பார்க்கலை. வீட்டையும் பார்க்கலை. நான் இருக்கற வீட்டுச் சுவர்ல அது ஏறவே ஏறாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன்."

அந்த நாளின் கதையை எல்மர் வெர்ன் கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறான். காற்று, படகு, தூண்டில், சண்டை எல்லாம் அதில் வரும். ஒரு தடவைகூட சோபா வந்ததில்லை.

"அன்னிக்கே தூக்கிக் குப்பையில போட்டிருக்கலாமே" என்றான்.

"போட்டிருந்தா வேற ஒண்ணு பிடிக்கப் போயிருப்பே. பெட்டி இருந்த வரைக்கும் உனக்கு மீன் இருந்தது. எனக்கும் வீடு கிடைச்சுது." அவள் எழுந்துகொண்டாள். "அந்த மீனுக்கு என்ன குறை இப்ப? வாடகை கிடையாது. காலி பண்ணச் சொல்ல ஆள் கிடையாது. நம்ம குடும்பத்துலயே நிரந்தர விலாசம் இருக்கறது அதுக்கு மட்டும்தான்."

எல்மர் கோபப்படலாம் என்று பார்த்தான். அதற்கு ஓர் இடம் வேண்டும். இந்த வீட்டில் அவனுக்கென்று இடம் ஏது?

"சும்மா உட்கார்ந்திருக்காதே. கோஸ்கி அம்மாதான் உளறிட்டாங்களே, இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை. சுத்தியலைக் கொண்டா. நாலு ஆணி வாங்கி வெச்சிருக்கே இல்ல? அதையும் கொண்டா."

படுக்கையறையிலிருந்து அம்மா கொடுத்த கண்ணாடியை இருவருமாகத் தூக்கி வந்தார்கள். சோபாவுக்கு மேலே எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில், மீனுக்காக அவன் அளந்து வைத்திருந்த அதே இடத்தில், மீனுக்காக வாங்கிய அதே நாலு ஆணிகளை எல்மர் அடித்தான். ஒவ்வோர் அடியும் இடுப்பில் விழுந்தது. கண்ணாடியை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு, இமைக்காமல் ஒரு முகம் அங்கிருந்து அவனைப் பார்த்தது.

"பார்த்தியா?" என்றாள் ஆர்லீன். "சுவர்ல உன்னோடதா ஒண்ணு வந்தாச்சு."