உங்கள் பெயர் பொறித்த கல்லை எடுப்பது தொடர்பாக

அன்புக்கும் அதைவிட அதிக மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். மகன் வீடு இருக்கும் பதினோராவது மாடியில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அங்கே எது அடைத்துக்கொண்டாலும் போனில் சொன்னால் அரைமணியில் ஆள் வந்துவிடுகிறான் என்று போன மாதம் நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். இங்கே எது அடைத்துக்கொண்டாலும் ஊர் என் முகத்தைத்தான் பார்க்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊர் சுகாதாரக் குழுவின் தலைவராக இருந்து நீங்கள் செய்ததை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்ட வைத்தீர்கள், பள்ளிக்கூடத்தில் நான்கு கழிப்பறை கட்டினீர்கள், தூய்மையான ஊர் என்று விருது வாங்கினீர்கள், பள்ளிக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே அந்த விருதைக் கல்லில் பொறித்து நட்டீர்கள், கைதட்டல் ஓய்வதற்குள் சாவிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டு மகன் வீட்டுக்கு வண்டியேறிவிட்டீர்கள். கிளம்பும்போது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாப்ள, கட்டுறதுதான் கஷ்டம். அதை நான் முடிச்சிட்டேன். நீங்க சும்மா பாத்துக்கிட்டாப் போதும்."

மச்சான், இரண்டரை வருடமாகச் சும்மாதான் பார்த்துக்கொள்கிறேன். சோப்பு வைத்தால் சோப்பு போகிறது, சோப்பைக் கயிற்றில் கட்டினால் கயிறும் சேர்ந்து போகிறது, தாழ்ப்பாள் ஆடுகிறது, குழாய் ஒழுகுகிறது, வீட்டுக் கழிப்பறைகளில் பாதி விறகு அடுக்க மிகவும் வசதியாக இருப்பதாக ஊரார் உங்களை மனதார வாழ்த்துகிறார்கள். முப்பத்துநான்கு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன், சொந்தமாக விசில் வைத்திருப்பவன் என்பதுதான் தலைவர் பதவிக்கு என்னிடமிருந்த ஒரே தகுதி. அதை எடுத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில், வெளிக்கு ஒதுங்குகிறவர்களை விரட்டக் காட்டுப் பக்கம் போகிறேன். ஊதியதும் வரிசையாக எழுந்து நிற்கிறார்கள், ரொம்ப மரியாதையாக. நான் கடந்து போனதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் வாழ்நாளில் எந்த ஸ்டேஷனிலும் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். குழி இரண்டு இருக்கிறதாம், ஒன்று நிறைந்துவிட்டதாம், இன்னொன்று பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருக்கிறதாம். நடுவில் ஒரு சின்னத் தொட்டி, அதன் மூடியைத் திறந்து அடைப்புக்கு வைத்த செங்கல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினால் வேலை தீர்ந்தது, பத்து நிமிடம்கூட ஆகாது என்றார். எனக்கு உயிர் வந்தது. சரி, அந்தத் தொட்டி எங்கே என்று கேட்டேன். கொத்தனார் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் உங்கள் கல்லைப் பார்த்தார்.

"இதுக்கு அடியிலதான் சார். அன்னிக்கே வேண்டாம்னு சொன்னேன். மேடை மாதிரி அழகா இருக்கு, இதுமேலயே நட்டுருன்னாரு பெரியவரு."

பெரியவர் நீங்கள்தான். விழாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்ததாம், தனியாக அடித்தளம் போட நேரமில்லையாம், திறக்க வேண்டிய மூடியின் மேலேயே சிமென்ட்டைக் கொட்டி விருதை நட்டாயிற்று. இந்த ஊரின் சுகாதாரத்துக்கு இப்போது குறுக்கே நிற்பது ஒன்றே ஒன்றுதான் மச்சான், சுகாதாரத்துக்காகக் கொடுத்த கல்.

உடனே குழுவைக் கூட்டினேன். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுகிறவர் என்பதால் நம் மளிகைக்கடைக்காரருக்குத் தீர்மானம் என்றே பெயராகிவிட்டது, உங்களுக்குத் தெரியும். அவர் எழுந்து, கல் ஊரின் மானம், அதன் மேல் கடப்பாரை படக்கூடாது என்றார். எல்லோரும் கைதூக்கினார்கள். கழிப்பறையைப் பூட்டிவிட்டால் கழிப்பறையும் சுத்தமாக இருக்கும், கல்லும் பத்திரமாக இருக்கும் என்று இரண்டாவது தீர்மானம் போட்டார். அதற்கும் கைதூக்கினார்கள். விருது கொடுத்த அலுவலகத்துக்கு நான் எழுதிப் போட்டேன். தங்கள் ஊர் விருது பெற்ற ஊராதலால் அங்கே குறை எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்று மூன்றே நாளில் பதில் வந்தது. இவ்வளவு வேகமாக அவர்கள் எதற்கும் பதில் போட்டதில்லை.

போன திங்கட்கிழமை தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெரிய வகுப்புப் பொண்ணுங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்லைங்க ஐயா. மத்தியானம் பதினோரு பேரு வீட்டுக்குப் போறாங்க, திரும்பி வர்றதில்லை. ஒரு பொண்ணு இனிமே வரமாட்டேன்னு பையையே எடுத்துட்டுப் போயிடுச்சு. அந்தக் கல்லுல என்னதான்யா எழுதியிருக்கு?"

என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊரின் பெயர் சின்ன எழுத்தில், உங்கள் பெயர் அதைப்போல நான்கு மடங்கு. வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனவள் நம் கொத்தனாரின் மகள்.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். கல்லை எடுக்கச் சம்மதம் என்று நீங்கள் கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும், அது இல்லாமல் குழு அசையாது. குழுவைக்கூடச் சமாளித்துவிடுவேன், உங்கள் தங்கையை என்னால் முடியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையால் உங்கள் பெயரைத் துடைத்துவிட்டு வருகிறவள் அவள். கல்லை எடுக்கப்போகிறேன் என்று சொன்னால் என்னை எடுத்துவிடுவாள். அதனால் இந்த விஷயத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை, நீங்களும் போனில் உளறிவிட வேண்டாம். இரண்டாவது, என்னை இந்தப் பதவியிலிருந்து விடுவித்து, முழங்கால் நன்றாக இருக்கிற வேறு யாரையாவது நீங்களே கைகாட்ட வேண்டும். விசிலை இனாமாகத் தருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரப்பிள்ளைகள் உங்கள் புகழையும் எங்கள் ஆயுளையும் வாங்கிக்கொண்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இன்னும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கண்ணில் பட்டுவிட்டது, முழுக்கப் படித்துவிட்டாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். "எங்க அண்ணன் கட்டினது கக்கூஸா, கல்லா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்வதற்குள் கொல்லைக் கதவு திறந்திருந்தது, கடப்பாரையைக் காணவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கல் இரண்டாகக் கிடந்தது. தீர்மானம் மூன்றாவது தீர்மானத்தோடு ஓடிவந்தார், அவள் கையிலிருந்ததைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டார். கொத்தனார் செங்கல்லை மாற்ற ஏழு நிமிடம்தான் ஆனது, என் ரயில்வே கடிகாரத்தில் பார்த்தேன். முந்தாநாள் அவர் மகள் பையோடு வகுப்புக்கு வந்துவிட்டாள். உங்கள் சம்மதம் தேவைப்படவில்லை. வேறு ஆளும் வேண்டாம், குழுத் தலைவர் இப்போது உங்கள் தங்கை. விசிலையும் வாங்கிக்கொண்டாள். அவள் ஊதினால் எழுந்தவர்கள் திரும்ப உட்காருவதில்லை. சோப்பு மட்டும் என் பொறுப்பு. உங்கள் பெயர் இருந்த பாதி வீணாகவில்லை, கைகழுவும் குழாய்க்கு அடியில் பதித்துவிட்டோம், பிள்ளைகள் சேறு படாமல் அதன் மேல்தான் நிற்கிறார்கள். மற்ற குழி நிறைய இன்னும் இரண்டரை வருடம் ஆகும். அன்றைக்கு மூடியைத் திறக்க அண்ணன்தான் வர வேண்டும் என்று உங்கள் தங்கை எழுதச் சொன்னாள். மாலை வேண்டாமாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் போதுமாம். கடப்பாரை இங்கேயே இருக்கிறது.