மூடாத முன் டிக்கியும் முப்பத்தொன்பதாம் நாளும்

மூன்றாவது முறை அறைந்து சாத்தியும் காரின் முன் டிக்கி மூடவில்லை. உள்ளே திரையில் சிவப்பு எழுத்து மின்னி, 'டிங் டிங்' என்று விடாமல் சத்தம் கேட்டது.

சடையன் கோயில் வாசலைப் பார்த்தான். அடி அண்ணாமலைக் கோயிலுக்குள் போயிருக்கும் விடுதி விருந்தாளி ஆதிமூலம் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். அதற்குள் மூடியாக வேண்டும். உள்ளே இருந்தது அரைக் கிலோ வாளைக் கருவாடு.

செங்கம் சாலையில் மதிவதனி நடத்தும் விடுதியில் வெங்காயம், பூண்டுக்கே இடமில்லை. சடையனுக்கு முன்னால் இருந்த டிரைவரின் டிபன் டப்பாவில் ஒரே ஒரு அவித்த முட்டை இருந்தது. அன்றைக்கே மதிவதனி கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இது தெரியாதவன் அல்ல சடையன். ஆனால் வீட்டில் தமிழ்செல்விக்கு மசக்கை. நாலு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

"வாளக் கருவாடு போட்டு கத்திரிக்கா கொழம்பு வச்சா ரெண்டு வாய் சாப்புடுவேங்க" என்று நேற்று அவள் கேட்டபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று கோயிலுக்கு எதிரே கருவாட்டுக்காரர் மொபெட்டை நிறுத்தினால் சும்மா இருக்க முடியுமா?

இது எலக்ட்ரிக் கார். மற்ற கார்களில் இன்ஜின் இருக்கும் இடத்தில் இதில் வெறும் பெட்டி. அதில் போட்டால் வாசனை உள்ளே வராது என்று சடையன் நினைத்தான். திரையைத் தொட்டுத் திறக்கத் தெரிந்தது. மூடத்தான் தெரியவில்லை. கார் வந்த அன்று கம்பெனி ஆள் எல்லாருக்கும் மூடிக் காட்டியபோது, அவன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பூசணிக்காய் உடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

பழைய டீசல் கார் பழக்கத்தில் மூடியை இன்னும் உயரமாகத் தூக்கி நாலாவது முறை அறைந்தான். அது துள்ளி எழுந்து நின்றது.

"இன்னாடா இது, ரோஷக்கார டிக்கியா இருக்கு!" என்று சடையன் முனகினான்.

திரும்பினால் பின்னால் ஆதிமூலம். சேலத்துக்காரர். நாற்பது நாள் மௌன விரதத்தில் அன்று முப்பத்தொன்பதாம் நாள். விடுதியில் எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் காட்டுவார். கோயிலுக்கு வரும்போது அதுவும் கிடையாது.

அவர் டிக்கியைப் பார்த்தார். சடையனைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, காற்றில் மெதுவாகக் கீழே அமுக்கிக் காட்டினார்.

சடையன் உருகிப்போனான். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"எம் பொண்டாட்டிக்கும் சேத்து ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி."

ஆதிமூலம் தன் தலையிலேயே கையை வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

சடையன் அதே துண்டை அவிழ்த்து, மூடியின் கொக்கியில் நுழைத்து, நம்பர் பலகையோடு இறுக்கிக் கட்டினான். கார் கிளம்பியது. வேகம் நாற்பதைத் தொட்டதும் இடுக்கில் காற்று புகுந்து மூடி ஒரு சாண் எழும்பிச் சாலையை மறைத்தது. பிரேக்கை மிதித்தான். துண்டு அறுந்திருந்தால் மூடி கண்ணாடியில் வந்து மோதியிருக்கும்.

கூடவே கருவாட்டு வாசனையும் லேசாக வந்தது. ஏசியைக் கூட்டினான். வாசனை இன்னும் ஜாஸ்தியானது. ஏசிக்குக் காற்றை இழுக்கும் துளை டிக்கிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கண்ணாடியில் பார்த்தான். ஆதிமூலம் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சுப் பயிற்சி போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்தான்.

அவர் கண் திறந்து மறுபடியும் இரண்டு உள்ளங்கைகளையும் கீழே அமுக்கிக் காட்டினார்.

"மெதுவா போவணுமா? சரிங்க சாமி."

வேகத்தைப் பதினைந்துக்குக் குறைத்தான். அதுவரை பின்தங்கி ஓடிவந்த இரண்டு நாய்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ரமணாசிரமம் வருவதற்குள் ஏழு ஆயின. காரைச் சுற்றிச் சுற்றி வந்த அவற்றைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பக்தியோடு கைகூப்பினார்.

விடுதிக்குள் ஏழு நாய்களோடு நுழைய முடியாது. வாசலிலேயே காரை நிறுத்தி, நாய்களை விரட்டி, துண்டை அவிழ்த்தான். கடைசியாக ஒரே அறை, விழுந்தால் விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"டேய்! அறையாதடா! ரெண்டு உள்ளங்கையையும் நடுவுல வச்சு மெதுவா அமுக்குடா! எங்க வீட்லயும் இதே கார்தான்!"

சடையன் திகைத்துத் திரும்பினான். பேசியது ஆதிமூலம்தான்.

கைகள் தாமாகவே மூடியை இறக்கி அமுக்கின. 'டக்'. டிங் டிங் நின்றது. அந்த நிசப்தத்தில் மதிவதனி வெளியே வந்தார். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஆராயியும் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"சார்! நீங்களா பேசினீங்க? இன்னும் ஒரு நாள்தானே பாக்கி!" என்ற மதிவதனியின் மூக்கு சட்டென்று சுருங்கியது. சாலையில் காத்திருந்த நாய்களைப் பார்த்தார். "சடையா, முன்னாடி என்ன வச்சிருக்க? தொற."

"மேடம், அது வந்து..."

"தொறன்னு சொன்னேன்."

அத்தனை பாடுபட்டு மூடியது ஒரே தொடலில் திறந்துகொண்டது.

"கருவாடு! என் கார்லயா! யார் வாங்கினது?"

வேலை போய்விட்டது. பிள்ளை வரும் நேரத்தில் வேலை இல்லாமல் தமிழ்செல்வி முகத்தில் எப்படி விழிப்பது? சடையன் வாயைத் திறந்தான்.

"நாந்தாம்மா வாங்கினேன்" என்றார் ஆதிமூலம். "டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது."

முன்னால் வந்து பொட்டலத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வருஷா வருஷம் வரும் விருந்தாளியை என்ன சொல்வது? மதிவதனி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கருவாடு போனால் போகட்டும். முப்பத்தொன்பது நாள் விரதத்தையும் நல்ல பேரையும் ஒரு டிரைவருக்காகத் தூக்கிப் போட்ட மனிதர்! தரையில் விழுந்து அவர் காலைத் தொட்டான்.

ஆராயி உள்பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் சாமி, போன வாரம் நீங்க சீட்டுல எழுதிக் குடுத்து நான் வாங்கியாந்து எங்க வூட்ல வறுத்துத் தந்தனே, ஒரு கிலோ கருவாடு, அது அதுக்குள்ளயா தீந்துபோச்சி?"